நாற்பத்தொரு நிமிடம்

நாலு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கே அருளானந்து செல்போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி, டீப்பாய் மேல் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சோபாவில் உட்காரவில்லை. சோபாவில் அவர் உட்கார்ந்து ஐந்து மாதமாகிறது. துவைத்துக் காய்ந்த துணிகளை அதில் போட்டு, மடிக்கலாம் மடிக்கலாம் என்று விட்டு, இப்போது அது ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்திருக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது. கையில் ஒரு துண்டுத்தாள் வைத்திருந்தார். அதில் இரண்டு வரி. ஒளிப்பதிவு நன்று. மழையைக் காட்டியிருக்கும் விதம் இயற்கை. அவ்வளவுதான் சொல்வது, சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுவது, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது, ஐந்து மணிக்கு 'சரி சார், அடுத்த ஞாயிறு பார்ப்போம்' என்பது. ஒன்றரை மணி நேரத்தைத் தள்ளிவிட முடிந்தவனுக்கு ஒரு மணி நேரத்தைத் தள்ள முடியாதா. இந்த ஒன்றரை மணி நேரம் என்கிற சொல் எங்கே போனாலும் வந்துவிடுகிறது. போன வாரம் மருந்துக்கடைப் பையன் ஏதோ மாத்திரைக்கு, 'ஒரு ஒன்றரை மணி நேரம் கழிச்சு வாங்க சார், ஸ்டாக் வந்துரும்' என்றான்; அவர் படியிறங்காமல் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர், 'பெரியவரே, வாங்கிட்டீங்களா' என்று கேட்டபிறகுதான் நகர்ந்தார்.

தஞ்சாவூர் போகிற காலை பாசஞ்சரில் பதினெட்டு வருஷம் ஒரே பெட்டியில் போய்வந்தவர்கள் அவர்கள் நாலு பேரும். இன்சூரன்ஸ் ஆபீஸ் குஞ்சிதபாதம், மின்வாரியத்துத் தேவேந்திரன், கணக்கு டீச்சர் வஹிதா, நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிற அருளானந்து. திருவெறும்பூர் தாண்டினால் படப்பேச்சு ஆரம்பமாகும், பூதலூரில் சண்டையாகும், தஞ்சாவூரில் இறங்கும்போது குஞ்சிதபாதம் யாரிடமும் முகம் கொடுக்காமல் விறுவிறுவென்று போய்விடுவார், சாயங்கால வண்டியில் அவரே இடம் பிடித்து வைத்திருப்பார். மூன்று பேர் ஓய்வு பெற்றாயிற்று, டீச்சருக்கு மட்டும் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. தியேட்டருக்குப் போவதும் நின்றுபோனது, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் வாரம் ஒரு படம் முடிவு செய்து அவரவர் வீட்டில் பார்ப்பது, ஞாயிறு நாலு மணிக்கு போனில் கூடுவது. முன்பெல்லாம் அருளானந்து நாலு பக்கம் குறிப்பெடுத்து வைத்திருப்பார். திரையில் யார் எந்த மூலையில் நிற்கிறார்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது என்று வரைபடம் போடுகிறவனின் கண்ணோடு சொல்வார். 'நீங்க படம் பாக்கறதில்ல சார், அளக்கறீங்க' என்பாள் டீச்சர். பிலோமினா செத்தபிறகு ஐந்து மாதம் அவர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை. போன செவ்வாய்க்கிழமை தேவேந்திரன் மட்டும் கூப்பிட்டு, 'வாங்க சார், பேச வேணாம், சும்மா கேட்டுக்கிட்டாவது இருங்க' என்றார். அவரும் வருகிறேன் என்றுவிட்டார். அதற்கப்புறம்தான் குஞ்சிதபாதம் மூன்று படங்களின் பெயரைக் குழுவில் போட்டார், மூன்றாவதாக அந்த மலையாளப் படம் இருந்தது, இரண்டு பேர் அதற்குக் கை தூக்கினார்கள். 'உங்களுக்குச் சம்மதமா சார், பாத்துட்டீங்களா?' என்று டீச்சர் கேட்டிருந்தாள். பார்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். இந்தப் படம் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம், காரணம் கேட்கிற ஆட்கள் இல்லை அவர்கள். போனில் பதில் எழுதும் கட்டத்தின் மேல் விரலை வைத்தபடி முக்கால் மணி நேரம் நின்று, கடைசியில் 'சரி' என்று எழுதினார். ரெண்டே எழுத்து. அதை ஏன் எழுதினோம் என்று செவ்வாயிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.

யாராவது அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக் கேட்கவேண்டும் போலிருந்தது, அதுவாக இருக்கலாம். அந்தப் படம் நிஜமாகவே இருக்கிறதா, அன்றைக்கு மத்தியானம் இந்தச் சுவரில் ஓடியது வேறு மனிதர்களும் பார்த்த ஒன்றுதானா என்று தெரிந்துகொள்ள. கதை பெரிதாக ஒன்றுமில்லை. காயலோரத்தில் ஒரு வீடு, நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீடு, ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தங்கை, இருபது வருஷமாகப் பேச்சில்லை. வீட்டை விற்கிறார்கள். தங்கை தன் அலமாரியோடு படகேறிப் போகிறாள். அவ்வளவுதான். அதில் முதல் ஒரு மணி நேரத்தை அவர் பிலோமினாவோடு ஆஸ்பத்திரி அறையில்தான் பார்த்தார், சாயங்காலம், பார்க்க வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, செல்போனைப் பிளாஸ்க்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, இயர்போனில் ஒரு முனை அவள் காதில், ஒரு முனை இவர் காதில். அவளுக்கு நுரையீரலில் நீர். எடுத்தாயிற்று, புதன்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தப் படத்தையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். பாதியில் தூங்கிவிடுவாள், காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, 'அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?' என்று கேட்பாள். மீதிக் கதையை அவர் சொல்லவேண்டும். சொல்லும்போது அவர் கொஞ்சம் மாற்றிவிடுவார். செத்துப்போகிற பெண்ணைப் பிழைக்கவைத்துவிடுவார், பிரிந்தவர்களை ரயிலடியில் சந்திக்கவைத்துவிடுவார். ஒருநாள் அவள் தங்கை லூர்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். அந்தப் படத்தில் அந்த அம்மா கிணற்றில் விழுந்து செத்துப்போய்விடுகிறாளே அக்கா, மாமாவா அப்படிச் சொன்னார் என்று. பிலோமினா கோபப்படவில்லை. 'எனக்குத் தெரியும்டி, உங்க மாமா சொல்றது எல்லாமே ஞாயித்துக்கிழமை பிரசங்கம் மாதிரி நல்லபடியாத்தான் முடியும்' என்றாளாம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் இயர்போனைக் காதிலிருந்து கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து, 'நீங்க பாத்துட்டு நாளைக்குச் சொல்லுங்க' என்றாள். அவள் கடைசியாகச் சொன்னது அது இல்லை. காலையில் அவர் கிளம்பும்போது இரவுடை இன்னொன்று எடுத்துவரச் சொன்னாள், பூப்போட்டது வேண்டாம், நீலம் என்றாள். கடைசிப் பேச்சு நீலம். ஆனால் ஞாபகம் முந்தின நாள் பேச்சைத்தான் கடைசிப் பேச்சாக எடுத்து வைத்துக்கொள்கிறது. ஏன் என்றும் அவருக்குத் தெரியும். அதில் ஒரு சாக்கு இருக்கிறது.

போன் அதிர்ந்து செம்பிலிருந்து வழுக்கிக் கவிழ்ந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தார். குஞ்சிதபாதத்தின் குரல் முதலில் வந்தது, பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தத்தோடு. 'அருள் சார், இருக்கீங்களா? சந்தோஷம் சார்.' இருக்கிறேன் என்றார். தேவேந்திரன் இருமினார், டீச்சர் வணக்கம் சொன்னாள். யாரும் பிலோமினாவைப் பற்றி எதுவும் பேசவில்லை, அதற்குத் தயாராக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. குஞ்சிதபாதம் நேராகப் படத்துக்கு வந்தார். 'நான் ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஆளு எதுக்கு ஒரு சுவரை ரெண்டு நிமிஷம் காட்டறான்? சுவர் சார். அசையாது. அதுல பாக்க என்ன இருக்கு?' 'அந்தச் சுவர்தான சார் கதை' என்றாள் டீச்சர். 'கதைன்னா நடக்கணும் டீச்சர், நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது.' தேவேந்திரன் சிரித்து, 'எனக்குப் பிரச்சினையே இல்ல, நான் முக்கால்வாசியில தூங்கிட்டேன். கடைசி நாப்பது நிமிஷம் இருக்கறப்ப கண்ணு சொருகிடுச்சு. காலையில எழுந்து மிச்சத்தப் போட்டா பத்து நிமிஷத்துக்கு மேல முடியல. அந்த மிச்சத்த எந்த மனுஷன் சார் ஒக்காந்து பாப்பான்?' என்றார்.

எந்த மனுஷன். அருளானந்து மைக்கை அணைத்து வைத்திருந்தார், இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாப்பது இல்லை தேவேந்திரன், நாற்பத்தொன்று. மீதம் எவ்வளவு என்று திரையின் அடியில் ஒரு கோடு காட்டும், சிவப்பாக ஓடியது போக வெள்ளையாக மிச்சம். மூன்று ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்த முதுகோடு அன்றைக்குப் பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தார், லூர்து அக்காவோடு இருந்தாள். குளித்தார். தயிர்சாதம் பிசைந்துகொண்டு சோபாவில் உட்கார்ந்தார். டிவியைப் போட்டதும் அதுவே கேட்டது, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று. தொடர் என்றார். சாப்பிடுகிற நேரம் மட்டும், பதினைந்து நிமிஷம், பிலோவுக்குச் சொல்வதற்கு ஒரு பத்து நிமிஷக் கதையாவது தேறும். பன்னிரண்டு இருபதுக்கு லூர்து கூப்பிட்டாள். அழவில்லை அவள். 'மாமா, அக்கா போயிருச்சு மாமா' என்றாள், யாரோ கடைக்குப் போய்விட்டதைச் சொல்வதுபோல. எங்கே என்றுகூடக் கேட்க வாயெடுத்தார். 'டாக்டர் வந்து பாத்துட்டாங்க. நீங்க வாங்க.' சரிம்மா என்றார். போனைக் கீழே வைத்தார். கையில் தயிர்சாதம் இருந்தது, கையைக் கழுவவேண்டும் என்று நினைத்தார், கழுவ எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தார். திரையில் அந்தத் தங்கை சுவரின் ஒரு பக்கம் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், மறுபக்கம் அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மயங்கி விழவில்லை, உறைந்துபோகவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. இப்படியெல்லாம் ஏதாவது ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்கார்ந்து படம் பார்த்தார். புரிந்து பார்த்தார். கீழே ஓடிய எழுத்துகளைப் படித்தார், ஒரு இடத்தில் மொழிபெயர்ப்பு தப்பு என்றுகூட நினைத்தார். கை காய்ந்து விரல்களுக்கிடையில் இழுத்துப் பிடித்தது.

அவளுக்கு மீதிக் கதை சொல்லவேண்டுமே, அதற்காகத்தான் பார்த்தேன். இந்தச் சாக்கு மூன்றாம் நாள் பூசையில் கிடைத்தது, சாமியார் ஏதோ வாக்குறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது. அவள் கேட்டாள், நான் பார்த்து முடித்தேன், அவளுக்குக் கொடுத்த வார்த்தை. அழகான காரணம். யாரிடம் சொன்னாலும் கண் கலங்குவார்கள், மகள் ரெஜினாவிடம் சொன்னால் 'அப்பா' என்று கட்டிக்கொள்வாள். அதனால்தான் அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இருபத்தேழு வருஷம் படங்களின் முடிவை மாற்றிச் சொன்னவனுக்குத் தெரியாதா, ஒட்டவைத்த முடிவு எப்படி இருக்குமென்று. அப்படியானால் வேறு என்ன. படம் ஓடுகிறவரைக்கும் அந்த போன் வரவில்லை என்று இருந்ததா. படம் முடிந்தால்தான் மத்தியானம் ஆரம்பிக்கும், அதுவரைக்கும் பொழுது அப்படியே நிற்கும் என்று. இதுவும் அழகாகத்தான் இருக்கிறது. எந்தக் காரணத்தைத் தொட்டாலும் அழகாக இருக்கிறது. நடந்தது அழகாக இல்லை.

'...அதையாவது விடுங்க, அந்த அலமாரிக் கூத்து எதுக்கு?' குஞ்சிதபாதம் சூடாகிவிட்டிருந்தார். 'ஒரு குடும்பமே சிதறிப்போகுது. அந்த நேரத்துல வீட்டை வித்துக்குடுத்த புரோக்கர் படகுல ஒக்கார இடமில்லாம அலமாரிக்குள்ள ஏறி ஒக்காந்துக்கறான், காத்துல கதவு சாத்திக்குது. உள்ள இருந்துக்கிட்டே பொண்டாட்டிகிட்ட போன்ல பேசறான், வந்துக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கேன்னு. கேவலமா இல்ல? அந்த இடத்துல எவனுக்காவது சிரிப்பு வருமா?' 'எனக்கு வரல' என்றாள் டீச்சர். 'ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன் சார். சாவு வீட்லகூட ஏதாவது ஒண்ணு அப்படி நடக்கத்தான் செய்யுது.' சொன்னதும் அவளே நிறுத்திக்கொண்டாள். சாவு என்ற சொல் நாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் விழுந்து கிடந்தது. தேவேந்திரன் வேண்டுமென்றே உரக்க, 'நான் அதுக்கு முன்னாடியே தூங்கிட்டேம்மா' என்றார்.

இந்த இடத்துக்கு வராமல் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அருளானந்து செவ்வாயிலிருந்து நினைத்திருந்தார். மழை, ஒளிப்பதிவு, இரண்டு வரி. ஐந்து மாதமாக அவர் மனசு அந்த மத்தியானத்தில் எல்லா இடத்துக்கும் போகும். தட்டு, கை, லூர்துவின் குரல், எதையும் தொடும். அலமாரிக்கு முன்னால் வந்ததும் மாடு சேற்றைப் பார்த்து நிற்பதுபோல் நின்றுவிடும். லூர்து இரண்டாவது தடவை கூப்பிட்டது அப்போதுதான். புரோக்கர் அலமாரியில் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டிருந்தான். அருளானந்து ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். இடது கைக் கட்டைவிரல். அந்த விரலை இப்போதும் பார்க்கிறார். அறிவு கெட்டுப்போயிருந்தால் விரலுக்கு நிறுத்தத் தெரிந்திருக்காது. நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'சொல்லும்மா' என்றார். 'எங்க மாமா இருக்கீங்க?' 'வந்துக்கிட்டு இருக்கேன்ம்மா. பாலத்துல நெரிசல்.' 'பாத்து வாங்க மாமா, அவசரப்படாதீங்க, நான் இருக்கேன்.' நான் இருக்கேன் என்றாள். அவர் போனை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மறுபடியும் அமுக்கினார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அந்த ஆள், வந்துக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கேன் என்றான். அவர் சிரித்துவிட்டார். புன்னகை இல்லை. வாய்விட்டு, வயிறு குலுங்க. சிரித்துவிட்டு, சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு சோபாவின் வலப்பக்கம் திரும்பினார். எப்போதும் அப்படித்தான். அவர் சிரிக்கிற சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டு, 'என்ன, என்ன சொன்னான்?' என்பாள். அந்த 'என்ன'வுக்காகக் காத்திருந்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. படகு நடுக்காயலுக்குப் போய்விட்டிருந்தது. பிலோமினா செத்துப்போனது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தபிறகும் மீதி ஒன்பது நிமிஷத்தைப் பார்த்தார்.

கடைசிக் காட்சியைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. தங்கை படகில் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்து போகிறாள், அண்ணன் கரையில் நின்று கையைத் தூக்குகிறான், திரை இருட்டாகிவிடுகிறது. கையசைத்தானா, வெயிலுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டானா. கையசைத்தான் என்றாள் டீச்சர், அதுகூட இல்லையென்றால் இரண்டு மணி நேரம் எதற்கு உட்கார்ந்திருந்தோம் என்றாள். வெயில்தான் என்றார் குஞ்சிதபாதம், இருபது வருஷம் பேசாதவன் எதற்குக் கையசைக்கப்போகிறான். அருளானந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு இதே இடத்தில், கையசைத்தான் என்று பிலோவிடம் சொல்லிவிடலாம் என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. எல்லாம் தெரிந்தபிறகு, எந்தப் பிலோவிடம். பெயர்கள் ஓடி முடிந்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். நீல இரவுடையைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆட்டோ பாலத்தைப் பத்து நிமிஷத்தில் கடந்தது, உச்சி வெயிலில் ஒரு வண்டி இல்லை, கீழே ஆற்றில் மணல்தான் கிடந்தது. ஆஸ்பத்திரியில் இவரைக் கண்டதும்தான் லூர்து அழுதாள். அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள்தான் சொன்னாள், பாவம் மாமா, ஓடி வந்தவரைப் பாலத்துல மாட்டிவிட்டுருச்சு, ஒன்றரை மணி நேரம், என்ன ரோடு போடுறானுங்களோ என்று. ஏழாம் நாள் சொன்னாள், முப்பதாம் நாள் சொன்னாள். ரெஜினா கோயமுத்தூரிலிருந்து போனில் அழும்போதெல்லாம், 'அந்தப் பாலத்துல உங்களுக்கு எப்படிப்பா இருந்திருக்கும்' என்கிறாள். வருகிற கல்லறைத் திருநாளுக்கு லூர்து வரப்போகிறாள். யாராவது ஒரு உறவுக்காரர் கல்லறையில் கேட்பார், லூர்து பாலத்தைச் சொல்லுவாள், இவர் தலையைக் குனிந்து நிற்பார். ஒவ்வொரு வருஷமும்.

'அருள் சார், நீங்க என்ன சொல்றீங்க? கையா, வெயிலா?' குஞ்சிதபாதம் கேட்டார்.

மைக்கைத் திறந்தார். தாள் மடியில் இருந்தது. ஒளிப்பதிவு என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார்.

'அந்த அலமாரி எடத்துல நான் சிரிச்சேன் சார்.'

'நீங்களா?' குஞ்சிதபாதம் சிரித்தார். 'போச்சு, டீச்சர் பக்கம் ஒரு ஓட்டு.'

'எப்ப பாத்தீங்க சார்? நேத்தா?' என்றாள் டீச்சர்.

'இல்ல டீச்சர். மே மாசம். பதினேழாந்தேதி.'

மிக்ஸி நின்றுபோயிருந்தது. டீச்சர் கணக்குப் போடுகிறவள், அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. குஞ்சிதபாதம் மெல்ல, 'அன்னிக்கா? அன்னிக்குக் காலையில, தகவல் வர்றதுக்கு முன்னாடி, அப்படித்தான சார்?' என்றார். எத்தனை நல்ல மனிதர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆமாம் என்றால் போதும்.

'இல்ல சார். லூர்து போன் பண்ணிச் சொல்லிட்டா. அதுக்கப்புறம் ஒக்காந்து பாத்தேன். முழுசா.'

தேவேந்திரன்தான், 'மிச்சம் எவ்வளவு இருந்துச்சு?' என்று கேட்டார்.

'நாப்பத்தொரு நிமிஷம்.'

'ம்' என்றார் தேவேந்திரன்.

'சார்' என்றாள் டீச்சர், அப்புறம் மறுபடியும் 'சார்' என்றாள். குஞ்சிதபாதம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சார். அதிர்ச்சியில மனுஷன் என்ன வேணாலும் செய்வான். இது நம்ம நாலு பேருக்குள்ள. நாங்க யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டோம்' என்றார். ஆமாம் சார், ஆமாம் சார் என்றார்கள் மற்ற இருவரும். அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்றாள் டீச்சர். அடுத்த வாரப் படத்தை யாரும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு குரலாக அணைந்தது, கடைசியாகத் தேவேந்திரனின் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அதுவும் போனது.

யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டோம். அருளானந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் சொன்னார்கள். ஐந்து மாதம் ஒருவர் சுமந்ததை இனி நாலு பேர் சுமப்பார்கள், மூடி வைத்த பாத்திரத்துக்கு நாலு மூடி. டீச்சர் இனிமேல் லூர்துவை எங்காவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். குஞ்சிதபாதம் பாலம் என்ற சொல்லையே எடுக்க மாட்டார். சொன்னால் லேசாகும் என்று நினைத்தாரா. அப்படி ஒன்றும் ஆகவில்லை. தப்பான ஆட்களிடம் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான் தெரிந்தது. அவர்களுக்காகவா அவர் அன்றைக்குத் தாமதமாகப் போனார். அவர்களா அந்த அறையில் காத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மேகம் இறங்கி வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்திருந்தது, விளக்கைப் போடவேண்டும் என்று நினைத்தார், போட எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தார், பயமாக இருந்தது, இதே மாதிரிதான் அன்றைக்கும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே இருந்தோம் என்று. எழுந்து நின்றார். நின்றபடியே லூர்துவைக் கூப்பிட்டார்.

ஐந்தாவது மணியில் எடுத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். 'சொல்லுங்க மாமா. தண்ணி வந்துருச்சு, புடிச்சுக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டீங்களா?'

'லூர்து, அன்னிக்குப் பாலத்துல நெரிசல் இல்லம்மா.'

'என்னிக்கு?'

'அக்கா போன அன்னிக்கு. நான் வீட்லதான் இருந்தேன். நீ மொத தடவ போன் பண்ணப்பவும், ரெண்டாவது தடவ பண்ணப்பவும். ஒரு படம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது முடியற வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்தேன்.'

அவர் சிரித்ததையும் சொன்னார். அதை மறைத்தால் மறுபடியும் ஒரு நல்ல கதையாகிவிடும் என்று பட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. அக்கா மீதிக் கதையைக் கேட்டிருந்தாள் என்பது நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

'ஆஸ்பத்திரி ஆளுங்க அக்காவக் கொண்டுபோகணும்னு வந்து நின்னாங்க மாமா' என்றாள் லூர்து. குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. 'ரெண்டு தடவ வந்தாங்க. எங்க மாமா பாலத்துல இருக்காரு, வந்துருவாருன்னு சண்டை போட்டு நிறுத்தி வச்சேன். அக்கா கையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். சூடு இருந்துச்சு மாமா. ஒரு மணி நேரத்துக்கு மேலயே இருந்துச்சு. நீங்க வந்து தொடறப்பவாவது இருக்கட்டும்னு ரெண்டு கையாலயும் பொத்தி வச்சிருந்தேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆறிப்போச்சு.'

மன்னிச்சிரும்மா என்று சொல்வது, அவளிடம் இன்னும் ஒன்றைக் கேட்பது மாதிரி இருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் குடம் நிறைந்து, விளிம்பில் தளும்பி, சிமெண்டுத் தரையில் வழிய ஆரம்பித்தது. அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.